கன்னித்தீவும் காளவாசலும்

1965இல் வெளிவந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2014இல் மீண்டும் திரைக்கு வந்தபோது, பால்ய நினைவில் நம்மில் பலர் கண்கலங்கினோம். நம் நெஞ்சில் நின்றவை கப்பலும் வாள்வீச்சுமே. ஆனால் அது, காயமுற்ற கலகக்காரருக்கு மருத்துவம் செய்ததற்காகக் கன்னித்தீவில் அடிமையாக விற்கப்பட்ட மணிமாறனின் கதையல்லவா?

அந்த அடிமைகளின் விடுதலைக்குக் கைதட்டினோம். 1976ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்த பின்னும், முன்பணக் கடனுக்காகச் சூளையில் கட்டுண்டவர்களைக் குறித்து ஏன் மௌனமாயிருக்கிறோம்? காளவாசல் என்னும் நம் ஊர்ப்பெயரே செங்கற்சூளையைக் குறிப்பதன்றோ!

இஸ்ரவேலர் எகிப்தின் வெள்ளரிக்காய்களை நினைத்து அழுதார்கள் (எண்ணாகமம் 11:5). அங்கே தாங்கள் அறுத்த செங்கல்லை மறந்தார்கள். இனிப்பை மட்டும் காத்துவைக்கும் நினைவு பொய்ச்சாட்சியே. படத்தை மறுபடியும் பாருங்கள். பின்பு, சூளைத் தொழிலாளியின் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று விசாரியுங்கள்.