பெற்றோரைக் காணப் போகும் நாள்

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்திய இரவுகளில் சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் புதுக்கோட்டை ஜில்லாவை நோக்கி வரும் பஸ்களையும் ரயில்களையும் பார்த்தவர்களுக்கு நமது கிராமங்களின் நிலைமையை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. உழைக்கும் வயதினர் பலர் வெளியூர்களிலும், சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளிலும் இருக்கின்றனர். ஊரில் வீட்டைக் காத்திருப்போர் முதியோர். அறந்தாங்கி, ஆலங்குடி, கந்தர்வகோட்டைப் பக்கங்களில் தாயும் தந்தையும் மட்டுமே வாழும் வீடுகளுக்குக் குறைவில்லை. பிள்ளைகளின் வருகையை நாள் எண்ணிக் காத்திருப்பதே அவர்களுடைய வாழ்வின் பெரும் பகுதி. அந்த வருகையே அவர்கள் உயிருக்கு ஆபத்தாய் முடியலாகாது என்பது பற்றி இன்று நாம் சில வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

வழக்கமாக நடப்பது இதுதான். ஊருக்குப் புறப்பட இரண்டு நாள் இருக்கையில் மகனுக்கு ஜுரம் காண்கிறது. தொண்டை வலியும் இருமலும் தொடர்கின்றன. டிக்கட்டு முன்னமே வாங்கியாயிற்று. முதலாளி கொடுத்த லீவோ மூன்றே நாள். ஒரு ஜுர மாத்திரையை விழுங்கிவிட்டு அவன் வண்டி ஏறுகிறான். வாசலில் காத்து நிற்பவள் எழுபது வயதைக் கடந்தவள். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையவள். மகனிடத்தில் அன்புக்குக் குறைவில்லை. அவன் தவறவிட்டது நாட் கணக்கு ஒன்றையே. அடுத்த வாரம் அவன் வேலைக்குத் திரும்பிவிடுகிறான். தாயோ ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவிக்கிறாள்.

மாத்திரை ஜுரத்தைத் தணிக்குமேயன்றித் தொற்றைத் தடுக்காது. இன்புளூயன்ஸா கண்டவர், நோய்க்குறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அதைப் பிறருக்குப் பரப்பக்கூடும். முதல் மூன்று நான்கு நாட்களில் தொற்று மிகுதி. ஐந்து முதல் ஏழு நாள்வரை அது நீடிக்கும். கொரோனாவில் அது பெரும்பாலோருக்குப் பத்து நாள்வரை செல்லும். கடுமையாக நோயுற்றவர்க்கும் நோயெதிர்ப்பு வலிமை குன்றியவர்க்கும் அதற்கு மேலும் நீளும். சின்னம்மையில் கொப்புளங்கள் யாவும் பொருக்குத் தட்டும்வரை தொற்று உண்டு. ஆனால் இருமல் மட்டும் சில வாரம் நின்று தொல்லை தரலாம். அதனாலேயே தொற்று இன்னும் இருக்கிறதென்று அஞ்ச வேண்டியதில்லை. ஆகவே காலக் கணக்கு நோயைப் பொறுத்தது, பண்டிகையைப் பொறுத்ததன்று.

சர்க்கார் விதியொன்றைக் காட்டி, “எனக்குக் கெடு முடிந்துவிட்டது” என்று சிலர் சொல்லலாம். கொரோனாக் காலத்தில் இந்திய சர்க்காரே 2020 ஜூலையில் பத்து நாளும் அதன்மேல் ஏழு நாளும் தனித்திருக்கச் சொன்னது. 2022 ஜனவரியில் அதனை ஏழு நாளாகக் குறைத்து, கடைசி மூன்று நாள் ஜுரம் இருக்கலாகாது என்று விதித்தது. பொதுவிதி வேலை, பிழைப்பு, ஆஸ்பத்திரி வசதி அனைத்தையும் சீர்தூக்கி எல்லா ஜனங்களுக்குமாக வகுக்கப்படுவது. உங்கள் தாயின் தேக நிலையை அவ்விதி அறியாது, நீங்கள் அறிவீர்கள். மாத்திரையின் உதவியின்றி ஜுரம் நீங்கியிருக்க வேண்டும். மற்றக் குறிகளும் தணிந்து வர வேண்டும். ஜுரமும் இருமலும் கண்டவர், நோய் கண்ட நாள் தொட்டுப் பத்து நாள் கழித்தே முதியோர் வீட்டு வாசற்படி ஏறுவது விவேகமாகும். ஐயமிருப்பின் வைத்தியரைக் கேட்பதில் வெட்கமில்லை.

இஃது அந்நியர் கற்பித்த புதுமையுமன்று. வீட்டில் அம்மை கண்டால் நம்மவர் வாசலில் வேப்பிலை செருகினர். அதைக் கண்ட வெளியார் உள்ளே நுழையவில்லை. வீட்டார் பிறர் வீட்டுக்குப் போகவுமில்லை. தலைக்குத் தண்ணீர் விட்ட பிறகே உறவு கலந்தது. நார்த்தாமலை மாரியம்மனுக்குக் காவடி எடுத்த பக்தர்களே இந்தக் கட்டுப்பாட்டையும் காத்தனர். அம்மைக்குக் காட்டிய மரியாதையை ஜுரத்துக்கும் காட்டுங்கள் என்பதே நமது வேண்டுகோள்.

நமது ஜில்லாவார் பிறர் விதித்த காவலையும் அறிந்தவர்களே. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளிகளை மண்டபம் முகாமில் சில நாள் நிறுத்திவைத்து, தொற்றுநோய் இல்லையென்று கண்ட பின்னரே கப்பலேற்றினர். அது தோட்ட முதலாளிகளின் நலத்துக்காக வைத்த காவல். தொழிலாளியின் தாய்க்காக எவரும் காவல் வைக்கவில்லை. 2020-இல் இ-பாஸ் இன்றி ஜில்லா எல்லையைத் தாண்ட முடியவில்லை. அக்காவலை நடத்தியது போலீஸ். அந்த ஆண்டு செப்டம்பரில் அதுவும் நீங்கிற்று. இன்று முகாமும் இல்லை, எல்லைச் சாவடியும் இல்லை. தாய் தந்தையர்க்காகக் காவல் நிற்க வேண்டியவன் மகனே, மகளே.

இதில் முதலாளிகளுக்கும் சர்க்காருக்கும் பொறுப்பில்லையா? உண்டு. பண்டிகைக்கு மூன்று நாள் விட்டால் வேறு நாளே இல்லையென்னும் தொழிலாளியிடம் பத்து நாள் பொறு என்பது எளிது. அவன் பொறுப்பது அரிது. 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தால் பிறந்த தொழிலாளர் இன்ஷியூரன்ஸ் திட்டம், தகுதி பெற்றவர்க்கு நோய்க் காலத்தில் ஆண்டுக்கு 91 நாள்வரை கூலியில் நூற்றுக்கு 70 பங்கு வழங்குகிறது. ஆனால் கட்டிட வேலையிலும் ஹோட்டலிலும் கடைகளிலும் உழைக்கும் எத்தனையோ பேர் அதன் நிழலுக்கு வெளியே நிற்கின்றனர். நோயுற்றவன் தன் பண்டிகை லீவை இரண்டு வாரம் தள்ளி எடுத்துக்கொள்ள முதலாளிகள் இடங் கொடுக்கட்டும். அதனால் அவர்களுக்குப் பெரிய நஷ்டம் நேராது. 2021 முதல் வீடு தேடிச் சென்று நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து தரும் ஊழியர்கள், பண்டிகைக்கு முன் இந்த நாட் கணக்கை முதியோரிடம் எடுத்துரைக்க ஏற்பாடு செய்யலாம். “உடம்பு தேறி வா, அப்பா” என்று பெற்றோரே சொல்லிவிட்டால் பிள்ளையின் மனச்சுமை பாதி குறையும்.

பெற்றோர் மரணப் படுக்கையில் இருந்தால் என்ன செய்வது? அப்பொழுது நாள் எண்ணிக்கொண்டிருக்கச் சொல்வோர் நாமல்லோம். போகத்தான் வேண்டும். முகக்கவசம் அணிந்து, ஜன்னல்களைத் திறந்து வைத்து, கையைச் சுத்தம் செய்துகொண்டு அருகிருக்கலாம். மற்றச் சமயங்களில் அவசரமாய் வந்தே தீரவேண்டியவர்க்குத் திண்ணை இருக்கிறது; காற்றோட்டமுள்ள அவ்விடத்தில் எட்ட அமர்ந்து பேசி, வேறிடத்தில் படுத்துக்கொள்ளலாம். தொற்று நீங்கிய பின்னும் வீண் பயத்தால் போகாதிருப்பதும் குற்றமே. தனிமையும் முதியோரை வாட்டும் பிணியாகும்.

கூட்டத்துக்குக் கூட்டம் செல்லும் பொதுஜன ஊழியர்கள் இவ்விஷயத்தில் முன்னின்று வழிகாட்ட வேண்டும். பலர் நடுவே பழகுவோர் பலருடைய நோயையும் சுமந்து வரக்கூடியவர்கள். நோயுற்றால் கூட்டத்துக்குப் போகாதிருப்பதும், ஊர்ப் பெரியவர்களைப் பார்ப்பதை ஒத்திவைப்பதும் அவர்கள் கடமை. பத்து நாள் தள்ளிப் போவதால் எந்தத் தாயும் மகனை வெறுத்துவிட மாட்டாள். பண்டிகை அடுத்த ஆண்டும் வரும். அப்பொழுதும் வாசலில் அவள் காத்து நிற்க வேண்டும்.