‘மாரடைப்பு’ என்று எழுதி முடித்துவிடலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நல்லா இருந்த மனிதர் திடீரென்று இறந்துவிட்டால் நாம் எல்லோரும் சொல்வது ஒரே வார்த்தை: ‘அட்டாக்’. இதயம் நின்றுதான் எல்லோரும் சாகிறோம். அது எதனால் நின்றது என்பதுதான் கேள்வி. பல நேரம் அதற்கான பதில் இறந்தவரின் இரத்தத்தில் இருக்கிறது. பிரேதப் பரிசோதனையில் காரணம் தெளிவாகாத ஒவ்வொரு திடீர் மரணத்திலும் அந்த இரத்தத்தைச் சோதிப்பது வழக்கமாக வேண்டும் என்பது என் கருத்து.

‘விஷமா என்று பார்க்க உள்ளுறுப்புகளை லேபுக்கு அனுப்புகிறார்களே சார்’ என்பீர்கள். உண்மைதான். ஆனால் அங்கே தேடுவது பெரும்பாலும் வெளியிலிருந்து உள்ளே போனதை. நான் சொல்வது உடலே உண்டாக்கிய பொருட்களை.

வகுப்பில் சொல்வது போலவே சொல்கிறேன். இறந்த பிறகு உடலால் புதிதாகச் செய்ய முடியாத, சீக்கிரம் சிதையாத பொருள்தான் நல்ல சாட்சி. கொரோனா காலத்தில் எல்லோரும் சி.ஆர்.பி. டெஸ்ட் எடுத்தோமே, அது கல்லீரல் செய்யும் புரதம். உயிர் போனால் அந்த வேலை நின்றுவிடும். ஆகவே பிரேதத்தின் இரத்தத்தில் அது மிக அதிகமாக இருந்தால், உயிரோடு இருந்தபோதே கடுமையான தொற்றோ அழற்சியோ இருந்திருக்கிறது என்று பொருள். மூன்று மாதச் சர்க்கரை டெஸ்டும் அப்படித்தான். இறந்த பின்னும் நம்பலாம். சாதாரண இரத்தச் சர்க்கரையை நம்ப முடியாது, இறந்த பிறகு அது குறைந்துகொண்டே போகும். அதற்குப் பதில் கண்ணுக்குள் இருக்கும் திரவத்தில் சர்க்கரையையும், இரத்தத்தில் கீட்டோனையும் பார்ப்பார்கள். இரண்டும் எக்கச்சக்கமாக இருந்தால், யாருக்கும் தெரியாமல் இருந்த சர்க்கரை நோயே உயிரைக் குடித்திருக்கலாம்.

இன்னொன்று டிரிப்டேஸ். ஊசி மருந்தோ, குளவிக் கொட்டோ, ஏதோ ஒரு உணவோ ஒத்துக்கொள்ளாமல் கடும் ஒவ்வாமை வந்தால் இது இரத்தத்தில் எகிறும். ஊசி போட்டதும் ஒருவர் இறந்துவிட்டால் நம் ஊரில் என்ன நடக்கிறது? கிளினிக் கண்ணாடி உடைகிறது, சாலை மறியல், பிறகு சமரசப் பேச்சு. உண்மை மட்டும் வெளிவருவதே இல்லை. இந்த ஒரு சோதனை குடும்பத்துக்கும் நியாயம் செய்யும், தவறு செய்யாத டாக்டருக்கும் நியாயம் செய்யும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எண்ணை நம்பக்கூடாது. 1957-இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் கென்னத் பார்லோ என்ற ஆண் நர்ஸின் மனைவி குளியல் தொட்டியில் இறந்து கிடந்தார். இன்சுலின் ஊசி போட்டிருப்பாரோ என்று சந்தேகம். ஆனால் இதயத்திலிருந்து எடுத்த இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை, கூடுதலாகவே இருந்தது! சாகும் தறுவாயில் கல்லீரல் சர்க்கரையை இதயத்துக்குள் கொட்டிவிடும் என்பது ஆராய்ந்தபோது புரிந்தது. ஊசி குத்திய இடத்துச் சதையில் இன்சுலின் இருப்பதை எலிகளை வைத்து நிரூபித்தார்கள். அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அதனால்தான் இரத்தத்தை இதயத்திலிருந்து எடுக்காமல் தொடை இரத்தக்குழாயிலிருந்து எடுப்பது நல்லது. டிரிப்டேஸும் வேறு காரணங்களால் ஓரளவு கூடலாம். உடலைப் பார்த்தது, இறப்பதற்கு முன் நடந்தது, இரத்தம் சொல்வது, மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

‘போனவர் போயாச்சு, இனி எதற்கு?’ என்று பெரியவர்கள் கேட்பார்கள். இருப்பவர்களுக்காகத்தான். அண்ணனுக்குச் சர்க்கரை இருந்தது என்று தெரிந்தால் தம்பி நாளைக்கே போய்ச் சோதித்துக்கொள்வான். கொன்றது தொற்று என்று தெரிந்தால், ‘நீ கவனிக்காமல் விட்டுவிட்டாய், அதனால்தான் அட்டாக்’ என்று மனைவியைக் குத்திக்காட்டும் பேச்சு நிற்கும்.

செலவாகும் என்பதும் உண்மை. எல்லாருக்கும் எல்லா டெஸ்டும் வேண்டாம். ஆனால் கொஞ்சம் இரத்தத்தை எடுத்துக் குளிரில் பத்திரப்படுத்தி வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? சந்தேகம் வந்தால் பிறகு சோதித்துக்கொள்ளலாம். எரித்த பிறகு எதைக் கேட்பது?

அப்படி ஒரு நாள் யாருக்கும் வர வேண்டாம். வந்தால், துக்கத்துக்கு நடுவே யாராவது ஒருவர் நிதானமாக டாக்டரிடம் கேளுங்கள்: ‘இரத்தம் எடுத்து வைக்க முடியுமா, சார்?’ டாக்டராக இருக்கும் என் மாணவர்கள் இதைப் பற்றிக் கமெண்டில் எழுதுங்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் இது நடக்கிறதா, இல்லையென்றால் என்ன தடை என்று எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும்.