முதியோர் பணம்: தர்மமா? பாத்தியதையா?

வயது சென்ற ஏழைகளுக்குச் சர்க்கார் மாதாமாதம் கொடுத்துவரும் பணத்தைப்பற்றிப் பேசும்போதெல்லாம், ஏதோ தர்மப் பிரபுக்கள் தங்கள் மடியிலிருந்து எடுத்துப் போடுவதுபோலச் சிலர் பேசுகிறார்கள். அது யாருடைய பணம் என்று நாம் முதலில் கேட்கின்றோம்.

நாற்பது ஐம்பது வருஷகாலம் நாற்று நட்டும், கல் உடைத்தும், மூட்டை சுமந்தும் பாடுபட்டவர்கள் வருமான வரி கட்டவில்லை என்பது மெய்யே. ஆனால் அவர்கள் வாங்கிய சோப்புக்கும், தீப்பெட்டிக்கும், செருப்புக்கும் விலையோடு விலையாக வரி கொடுத்தே வந்திருக்கிறார்கள். உழைப்பையும் கொடுத்து, வரியையும் கொடுத்தவர்களுக்கு உடல் தளர்ந்த காலத்தில் கிடைப்பது பிச்சையாகுமா? முதுமையில் பொது உதவி பெறும் உரிமைக்குச் சர்க்கார் தன் பொருளாதார சக்திக்கு உட்பட்டு வழிசெய்ய வேண்டுமென்று அரசியல் சட்டத்தின் 41 ஆவது பிரிவே சொல்லுகின்றது.

அந்தச் சக்தியின் யோக்கியதையைப் பார்ப்போம். 1995 இல் மத்திய சர்க்கார் மாதம் 75 ரூபாயில் ஆரம்பித்தது. 2006 இல் அது 200 ரூபாயாயிற்று. 80 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு 2024 ஆம் வருஷத்திலும் அதே 200 ரூபாய்தான். நாளொன்றுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை! தமிழ்நாட்டில் மாநில சர்க்கார் தன் பணத்தையும் சேர்த்து 2023 இல் 1200 ரூபாயாக்கிற்று. அதுவும் நாளொன்றுக்கு 40 ரூபாயே.

“பணத்துக்கு எங்கே போவது?” என்பார்கள். இதே மத்திய சர்க்கார் தன்னிடம் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர்களுக்கு விலைவாசியைக் கணக்கிட்டு வருஷத்துக்கு இரண்டு தடவை அகவிலைப்படியைத் திருத்துகின்றது. அதை நாம் தப்பென்று சொல்ல வரவில்லை. ஆனால் அரிசி விலை ஏறினால் ஓய்வுபெற்ற அதிகாரிக்குப் பசிக்கும், ஓய்வே பெறாத கூலிக்காரக் கிழவிக்குப் பசிக்காதா?

“பெற்ற பிள்ளைகள் காப்பாற்றட்டும், அதற்கு 2007 ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறதே” என்பார்கள் வேறு சிலர். கூலிக்காரன் மகனும் கூலிக்காரனாகவே இருக்கும் வீட்டில் எந்தச் சட்டம் எதைப் பிடுங்கிக் கொடுக்கும்? இல்லாதவனை இல்லாதவன் தலையில் கட்டிவிட்டு, சர்க்கார் கையைக் கழுவிக்கொள்வதா? “அவரவர் தலைவிதி” என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே, விலைவாசியோடு இந்தத் தொகையும் தானாக ஏறவேண்டும்; பென்ஷனும் சொத்தும் இல்லாத 60 வயதானவர் எவரும் யாருடைய தயவுக்கும் கைகட்டி நிற்காமல் பெறவேண்டும் என்பதே நமது கோரிக்கை. முதியோர்களே! வாங்கும்போது கும்பிடாதீர்கள், குறைந்தால் கணக்குக் கேளுங்கள்.