கொட்டாங்குச்சியில் மொண்ட பாலாறு

"பாலாத்துல தண்ணி எங்கே ஓடுது?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், எங்கள் புதுப்பட்டினத்துப் பெரியவர்கள் சிரிப்பார்கள். ஓடாவிட்டால் என்ன, தண்ணீர் இருந்ததே!

கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறந்து, சுமார் 348 கிலோமீட்டர் கடந்து, நம் ஊருக்குத் தெற்கே வாயலூர் அருகே கடலைத் தொடுகிறது பாலாறு. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் போகும். மற்ற மாதங்களில் மணலுக்கு அடியில்தான் ஆறு.

1970-களில் விடுமுறை என்றால் ஆற்றங்கரையில் அத்தை வீடு. விடிவதற்குள் அத்தை குடத்தோடு கிளம்பிவிடுவார். பின்னாலேயே நாங்கள், ஆளுக்கொரு கொட்டாங்குச்சியோடு. முழங்கை ஆழம் மணலைப் பறித்தால் ஊற்று சுரக்கும். முதலில் கலங்கல்தான் வரும். இரண்டு மூன்று முறை இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். "கைய விடாதடா, தெளியட்டும்" என்பார் அத்தை. தெளிந்ததும் மெல்ல மொண்டு, குடத்தின் வாயில் கட்டிய வெள்ளைத் துணியில் ஊற்றுவார். குடம் நிறைவதற்குள் ஊர்க்கதை முழுக்கப் பேசி முடித்துவிடுவார்கள்.

எல்லாருக்கும் ஒரே ஊற்று என்று சொல்லமாட்டேன். இந்தத் தெருவுக்கு இந்தப் பக்கம், அந்தத் தெருவுக்கு அந்தப் பக்கம் என்றுதான் இருந்தது. ஆற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எங்கே தோண்டினாலும் அதே தித்திப்பு.

ராத்திரியில் தாத்தா பக்கிங்காம் கால்வாய்க் கதை சொல்லுவார். உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அதில் சென்னைக்குப் போகுமாம். 1934-ல் பாரதிதாசன் நண்பர்களோடு மாமல்லபுரத்துக்குப் படகில் போய், 'மாவலிபுரச் செலவு' எழுதியதும் இதே கால்வாய்ப் பயணத்தைப் பற்றித்தான்.

ஊற்று சுரந்ததில் மாயம் ஒன்றுமில்லை. மணல்தான் காரணம். மணற்பருக்கைகளின் இடுக்கில் மழைநீர் தங்கும், வெயில் அதை எளிதில் உறிஞ்ச முடியாது, வடிகட்டுவதும் மணலேதான். முகத்துவாரம் பக்கம் கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுப்பதும் அந்த நன்னீர்தான். சென்னையின் கட்டடங்களுக்காக லாரி லாரியாக மணல் போனது. கூடவே ஊற்றும் போனது. மேலே வாணியம்பாடி, ஆம்பூர் தோல் கழிவு வேறு. இன்று அந்தக் கரையிலேயே 20 லிட்டர் கேன் வாங்குகிறார்கள்.

2021 நவம்பரில் பாலாற்றில் கரைபுரண்டு வெள்ளம் வந்தது நினைவிருக்கும். பிடித்துவைக்க மணல் இல்லாத இடத்தில், அத்தனை தண்ணீரும் நேரே கடலுக்குத்தானே போகும்? வாயலூரில் இப்போது தடுப்பணை இருப்பது ஆறுதல். ஆனாலும் மணலின் வேலையை அணை முழுக்கச் செய்துவிடாது.

உங்கள் வீட்டில் 70 வயதைத் தாண்டியவர்கள் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்று கேளுங்கள்: "நீங்க எங்கே தண்ணி மொண்டீங்க?" அவர்கள் சொல்வதை ஃபோனில் பதிவு செய்யுங்கள். முடிந்தால் அந்த இடத்துக்கே கூட்டிப்போங்கள். எந்த இடத்தில் மணலைக் காக்க வேண்டும் என்று நாளைக்கு ஊரார் கேட்கும்போது, அவர்கள் காட்டிய இடம் கணக்கில் வரும்.