விருப்பப் பட்டியலை யார் நிரப்புவது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போடியில் டீக்கடை முதல் ஏலக்காய்க் கடை வரை ஒரே கேள்விதான்: "கட்-ஆஃப் எவ்வளவு?"

பொறியியலுக்கான கணக்கு எளிது. கணித மதிப்பெண் முழுதாக, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதியாக. கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 வாங்கிய பெண்ணுக்கு 92 + 42 + 44 = 178. மொத்தம் 200-க்கு. தமிழகத்தில் 2007 முதல் இதற்குத் தனி நுழைவுத் தேர்வு கிடையாது. சென்னை கிண்டி கல்லூரியானாலும், மேலச்சொக்கநாதபுரத்தில் இருக்கும் நம்ம அரசு பொறியியல் கல்லூரியானாலும் இந்த எண்தான் வாசல்.

இரண்டு பேர் ஒரே 178 என்றால்? முதலில் கணிதம், அடுத்து இயற்பியல் என்று வரிசையாக மதிப்பெண் பார்ப்பார்கள். எல்லாமே ஒத்துப்போனால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. பிறந்த தேதியும் ஒன்றென்றால் கம்ப்யூட்டர் தரும் ரேண்டம் எண்.

அமெரிக்காவின் ஹார்வர்டு போன்ற பல்கலைக்கழகங்களில் மாணவர் எழுதும் கட்டுரை, ஆசிரியரின் சிபாரிசுக் கடிதம் எல்லாம் பார்ப்பார்கள். லீவில் தோட்டத்தில் ஏலக்காய் பறித்துப் படித்த பிள்ளை தன் கதையை அங்கே சொல்லலாம். இங்கே சொல்ல இடமில்லை. ஆனால் கட்டுரையைச் செதுக்கித் தர ஆள் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் இங்கே தனி லாபம் இல்லை.

அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டத்தான் 69 சதவீத இட ஒதுக்கீடும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதமும். மருத்துவத்துக்கு 2020-லும், பொறியியலுக்கு 2021-லும் இது வந்தது. இதில் சேரும் மாணவரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

நம்ம பக்கத்துப் பெற்றோர் கவனிக்க வேண்டியது இங்கேதான். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழக அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. தோட்ட வேலைக்காகப் போடிமெட்டு தாண்டிக் குடும்பத்தோடு போய், பிள்ளையை ஏழாம் வகுப்புக்கு இடுக்கிப் பக்கம் சேர்த்தால் அந்தச் சலுகை போய்விடும். பிளஸ் டூ முடித்த பிறகு இதற்கு மாற்று வழி தேட முடியாது. ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போதே யோசிக்க வேண்டும்.

அடுத்தது விருப்பப் பட்டியல். ரேங்க் வரிசைப்படி ஒவ்வொரு மாணவரின் பட்டியலையும் கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே பார்க்கும். காலியாக இருக்கும் முதல் இடத்தை ஒதுக்கிவிடும். "நமக்கெல்லாம் அது கிடைக்குமா?" என்று பயந்து, சுமாரான கல்லூரியை முதலில் போட்டால் அதுதான் கிடைக்கும். ஆசைப்பட்ட கல்லூரியில் இடம் இருந்தாலும் கம்ப்யூட்டர் அதுவரை போகாது. பெரிய கல்லூரியை மேலே எழுதுவதால் நஷ்டம் ஏதுமில்லை. அங்கே கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்க்கும், அவ்வளவுதான். ஆகவே ஆசைப்படி வரிசைப்படுத்துங்கள். சேர விருப்பமே இல்லாத கல்லூரியை எழுதவே வேண்டாம்.

ஏலக்காயைச் சல்லடையில் சலித்து, எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர் என்று தரம் பிரிக்கிறோம். எங்கே போக விருப்பம் என்று காயிடம் யாரும் கேட்பதில்லை. பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். அந்தப் பதிலை பிரவுசிங் சென்டர் தம்பியின் அவசரத்திலோ, கமிஷன் வாங்கும் ஏஜென்ட்டின் கையிலோ விடலாமா? பாஸ்வேர்டையும் ஓடிபியையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். முதல் நாள் ராத்திரியே வீட்டில் உட்கார்ந்து, ஒரு தாளில் கல்லூரியையும் பாடப்பிரிவையும் வரிசையாக எழுதுங்கள். பேனா பிள்ளையின் கையில் இருக்கட்டும்.