பனிக்குடம் உடைந்த பிறகு

அயர்லாந்து, நமது விடுதலைப் போராட்ட நாட்களில் இந்திய தேசபக்தர்கள் பெருமதிப்புடன் நோக்கிய நாடு. அந்நாட்டின் கால்வே நகர ஆஸ்பத்திரியில், 2012-ம் வருஷம் அக்டோபர் 28-ந் தேதி, ஸ்ரீமதி சவிதா ஹலப்பனவர் என்ற இந்திய மாது உயிர் நீத்தார். அவருக்கு வயது 31, பல் வைத்தியர், 17 வாரக் கர்ப்பிணி. 21-ந் தேதி ஆஸ்பத்திரியில் சேர்ந்த அவருக்கு மறுநாள் அதிகாலையில் பனிக்குடம் உடைந்தது. கர்ப்பம் நிலைக்காது என்று தெரிந்த பின், அதை அகற்றிவிடுமாறு அவரே வேண்டினார். சிசுவின் இருதயம் துடிக்கும் வரையில் சட்டம் இடந்தராது என்று மறுக்கப்பட்டது. காத்திருந்த அந்நாட்களில் கிருமிகள் உட்புகுந்து இரத்தத்தை நஞ்சாக்கின. சிசுவும் போயிற்று, தாயும் மாண்டார்.

இதை விசாரித்த குழுவிற்குத் தலைமை வகித்தவர், பிரசவ வைத்தியத்தில் புகழ் பெற்ற இலங்கைத் தமிழரான சர் சபாரத்தினம் அருள்குமரன் ஆவார். 2013-ம் வருஷத்தில் வெளியான அவரது அறிக்கை சட்டத்தின் குறையோடு நின்றுவிடவில்லை. நோயாளியைச் சரிவரப் பரிசோதித்துக் கண்காணிக்கவில்லை. பனிக்குடம் உடைந்தபின் நேரம் செல்லச் செல்லத் தாய்க்கு அபாயம் பெருகும் நிலையில், செய்யத்தக்க வழிகள் அனைத்தையும் அவர்முன் வைக்கவில்லை. கிருமி விஷம் பரவியபோது விதிப்படி விரைந்து சிகிச்சை செய்யவில்லை. இம்மூன்று பிழைகளையும் அது எடுத்துக் காட்டிற்று. 2018-ம் வருஷம் மே 25-ந் தேதி நடந்த பொதுஜன வாக்கெடுப்பில், வாக்களித்தோரில் ஏறக்குறைய மூவரில் இருவர் மாறுதலை ஆதரித்ததால், தடையாக நின்ற அரசியல் சட்டப் பிரிவு நீங்கியது.

சவிதாவின் மரணங் கேட்டு நம் நாடு கொதித்தது நியாயமே. ஆனால் அயலாரைக் கண்டித்த நாவால் நம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம். தாயின் உயிரைக் காக்க உடனடியாக அவசியமென்று கண்டால் கர்ப்பத்தை அகற்ற, 1971-ம் வருஷத்துச் சட்டம் இந்நாட்டு வைத்தியருக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. ஆகவே சட்டத்தின்மீது பழிபோட்டு நாம் தப்ப முடியாது. அவ்வறிக்கை கண்ட மற்றக் குற்றங்களான அசிரத்தையும் தாமதமும் நம்மிடம் இல்லையென்று மார்தட்டிச் சொல்ல முடியுமா?

சிசுவைச் சுற்றி நீர் நிறைந்திருக்கும் மெல்லிய சவ்வுப் பையே பனிக்குடம். பிரசவ வலி கண்டபின் அது உடைவது இயல்பு. நிறைமாதக் கர்ப்பிணிகளில் 100-க்குச் சுமார் 8 பேருக்கு வலி காணுமுன்னரே உடைகிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு விரைவில் பிரசவமாகிவிடும். 37 வாரம் நிறையுமுன் உடைவதே பேரபாயம். இது 100-க்குச் சுமார் 3 பேருக்கு நேர்கிறது. குறைமாதப் பிரசவங்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இதன் விளைவே. முந்திய கர்ப்பத்தில் இவ்வாறு நேர்ந்திருத்தல், கர்ப்பப்பை வாய் நீளங் குறைந்திருத்தல், இரட்டைக் கர்ப்பம், இடையில் உதிரப்போக்கு, பிறப்புறுப்பில் கிருமி நோய், புகைபிடித்தல், போஷாக்கின்றி மெலிந்த தேகம் ஆகியவை இந்த அபாயத்தை மிகுவிப்பவை. இவற்றுள் ஒன்றுமே இல்லாதவருக்கும் இது நேர்வதுண்டு. ஆதலால் எந்தக் கர்ப்பிணியையும் அசட்டை செய்ய இடமில்லை.

இவற்றுட் சில நம் கைக்கு மீறியவை. ஆனால் மெலிந்த தேகம் வறுமையின் செயல். காலத்தில் கண்டு தீர்க்காத கிருமி நோய் பரிசோதனைக் குறைவின் செயல். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கர்ப்பிணிகளில் 100-க்கு 52 பேர் இரத்தச் சோகையுற்றவர்கள். குறைந்தது நான்கு முறையேனும் பரிசோதனை பெற்றவர்கள் 100-க்கு 58 பேரே. 2020-ம் வருஷத்தில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் இந்நாட்டில் குறைமாதத்தில் பிறந்தன. உலகில் வேறெந்த நாட்டிலும் இத்தொகை இல்லை. இது நாம் பெருமை கொள்ளத்தக்க முதலிடமன்று!

பரிகாரம் எட்டாததன்று. நீர் கசிந்தால், வலி வரட்டுமென்று வீட்டில் காத்திராமல், கசிந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். கிருமிகளை அடக்கும் மருந்து தாய்க்கும் சேய்க்கும் துணை நிற்கும். குறைமாதச் சிசுவின் சுவாசப்பையை வலுப்படுத்தத் தாய்க்கு ஊசி மருந்து போடும் முறையை, நியூஜிலாந்து வைத்தியர்களான லிக்கின்ஸ், ஹவி இருவரும் 1972-ம் வருஷத்திலேயே நிரூபித்துவிட்டனர். அவசியமின்றிக் கைவிட்டு உட்பரிசோதனை செய்வது கிருமிக்கு வழி திறப்பதாகும். எல்லாவற்றிற்கும் மேலாக, நாடியையும் காய்ச்சலையும் இரவிலும் வேளை தவறாமல் பார்த்துக் குறித்து வைக்கும் தாதியர் வேண்டும்.

இது ஸ்திரீகளின் அந்தரங்கம், ஆண்கள் பேசத்தகாதது என்ற எண்ணம் நம்மில் பலரிடம் இன்னும் இருக்கிறது. மானத்தின் பேரால் பேசாதிருந்து உயிரை இழப்பது எந்த மானத்தைச் சேர்ந்தது? தேசத்தொண்டர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுவே. உங்கள் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். இரவில் தாதி இருக்கிறாரா, மருந்து இருக்கிறதா, வண்டி வருமா என்று விசாரியுங்கள். இல்லையெனில் சர்க்காரைக் கேளுங்கள். கிடைக்கும் வரையில் ஓயாதீர்கள். கால்வேயில் இறந்த சகோதரிக்காகக் கண்ணீர் வடித்த தேசம், தன் கிராமத்துச் சகோதரியைக் காக்கத் தவறுமானால், அக்கண்ணீருக்கு மதிப்பில்லை.