மிதிபடும் கூடுகள்

சென்ற கோடை விடுமுறையில், உத்திரமேரூரை அடுத்த சிற்றூரில் வாழும் என் தங்கையின் இல்லத்தில் சில நாட்கள் தங்கியிருந்தேன். ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து வீடு திரும்பியதும், அவளுடைய ஒன்பது வயது மகன் சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். கரும்புள்ளிகள் படர்ந்த மண்ணிற முட்டை அது.

"ஏரியில கிடந்தது மாமா. நாலு இருந்தது, ஒண்ணுதான் எடுத்தேன்" என்றான்.

அடுப்படியிலிருந்து வந்த தங்கை கோபிக்கவில்லை. பயணம் ஒன்றில் தோழர்கள் சிலர் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததையும், அதைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கப் பணித்ததையும் அவனுக்குச் சொன்னாள். அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ள செய்தி அது. "மாமாவக் கூட்டிக்கிட்டுப் போய் எடுத்த இடத்துலயே வச்சிட்டு வா" என்றாள்.

வற்றிய ஏரியின் நடுவே பிள்ளைகளின் கிரிக்கெட் களம். அதிலிருந்து இருபது அடி தொலைவில், தலைக்கு மேலே ஆட்காட்டி கதறிக்கொண்டு வட்டமிட்டது. கூடென்று சொல்ல அங்கே என்ன இருந்தது? சிறு பள்ளம், சுற்றிலும் சில கற்கள், அவ்வளவே. பையன் கையைப் பிடித்து நிறுத்தியிராவிட்டால் நானே மிதித்திருப்பேன்.

ஏறத்தாழ நான்கு வாரங்கள் அப்பறவை அந்த வெயிலில் அடைகாக்கிறது. வயிற்றுச் சிறகுகளை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிரச் செய்வதும் உண்டு. நாம் அருகே நின்று அதனை நெடுநேரம் விரட்டிவைத்தால், முட்டைக்குள் உள்ள உயிர் வெந்தே போகும்.

கடலோரத்து ஆலாக்களுக்கும் உப்புக்கொத்திகளுக்கும் இதே நிலைதான். ஆதம் பாலத்து மணல் தீடைகளில் ஆலாக்கள் வெறும் மணலிலேயே முட்டையிடுகின்றன. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வாழும் உப்புக்கொத்தி இனமொன்று 1986 முதல் அந்நாட்டுச் சட்டப் பாதுகாப்பில் உள்ளது. அடைகாக்கும் பருவத்தில் அங்கே கயிறு கட்டி இடத்தை ஒதுக்குகிறார்கள். சில கடற்கரைகளில் பள்ளிப் பிள்ளைகள் வரைந்த ஓவியங்களையே எச்சரிக்கைப் பலகைகளாக நாட்டுகிறார்கள். அரசு அறிவிப்பை யார் நின்று படிக்கிறார்கள்? பிள்ளை வரைந்த படமென்றால் கால் தானே நிற்கிறது.

நம் வட்டாரத்து மக்களுக்குப் பறவைகள்மீது பரிவில்லை என்பதன்று. அருகிலுள்ள வேடந்தாங்கல் மக்கள், பறவைகளைச் சுடலாகாதென 1798-ஆம் ஆண்டிலேயே அன்றைய செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடம் ஆணை பெற்றவர்கள். ஆனால் அங்குள்ள கூடுகள் மரத்தின் மேலே, எல்லாருடைய கண்ணிலும் படுகின்றன. தரையில் உள்ளதைக் காப்பதற்கு முதலில் அது கண்ணில் பட வேண்டுமே!

இதைச் சொன்னதும் பையனும் அவன் தோழர்களும் பழைய பலகையொன்றைத் தேடியெடுத்தார்கள். உயிருள்ளவற்றை வரைவது அவன் பாட்டிக்கு ஒப்பாது. அதனால் பறவையை விட்டுவிட்டு நான்கு முட்டைகள், கற்கள், அவற்றின் மேலே தூக்கிய ஒரு செருப்பு ஆகியவற்றை வரைந்தார்கள். "பார்த்து நட, கீழே முட்டை" என்ற எழுத்துகளுக்குப் பச்சை வண்ணம் தீட்டியவர் அந்தப் பாட்டியேதான்.

கூட்டின் பக்கத்திலேயே பலகையை நாட்ட விரும்பினார்கள். நான் தடுத்தேன். காகம் அதன்மேல் அமர்ந்து முட்டையை நோட்டமிடும். முட்டை திருடுவோருக்கும் அதுவே வழிகாட்டியாகிவிடும். ஆகவே, ஆட்டக்காரர்கள் இறங்கும் கரையோரப் பாதையில் நாட்டினோம். தாய்மார்களே, உங்கள் பிள்ளைகள் இப்படிச் செய்ய விரும்பினால் இந்த ஒன்றை மறவாதீர்கள். கிரிக்கெட் களமும் அன்று மாலையே ஏரியின் மறுகோடிக்கு மாறியது. அதற்கு மட்டும் சிறிது சண்டை நடந்தது.

மூன்று வாரங்களுக்குப் பின் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். மூன்று முட்டைகள் பொரித்து, குஞ்சுகள் அன்றே ஓடத் தொடங்கிவிட்டனவாம். பையன் பேசியை வாங்கினான்.

"பொரிக்காத ஒண்ணு நான் எடுத்ததா மாமா?"

நான்கும் ஒன்றுபோலவே இருந்தன. எனக்குச் சொல்லத் தெரியவில்லை.